முக்திநாத் யாத்திரைக்கு ஆதார் போதுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 68. மனைவிக்கு 61. ஐப்பசியில் குடும்பத்தோடு முக்திநாத் போகத் திட்டம். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து வேனில் சுனௌலி வழியாக நேபாளம், திரும்பும்போது காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு விமானம். எங்களோடு 16 வயதுப் பேத்தி வருகிறாள் (மகன் வயிற்றுப் பேத்தி). அமெரிக்காவிலிருந்து மகள், மாப்பிள்ளை, 6 வயதுப் பேரன் வருகிறார்கள். மகளிடம் இந்திய பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் உண்டு. மாப்பிள்ளையும் பேரனும் அமெரிக்கக் குடிமக்கள், இருவரிடமும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) இருக்கிறது. எங்கள் மூவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. போன வருடம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர், "நேபாளத்துக்கு ஆதாரே போதும், நான் அதைத்தான் காட்டினேன்" என்கிறார். அவருக்கு வயது 70. மனைவியின் வாக்காளர் அட்டை மிகப் பழையது, பெயரும் பாதிதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், கும்பகோணம்

பதில்:

அய்யா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அவரைப் பொறுத்தவரை சரி. உங்களைப் பொறுத்தவரையிலும் சரி. உங்கள் துணைவியாருக்குத்தான் அது பொருந்தாது. ஒரே வீட்டில், ஒரே மாதிரி ஆதார் வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குச் செல்லும், இன்னொருவருக்குச் செல்லாது. கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே 1950-ல் போட்ட நட்புறவு ஒப்பந்தம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இந்தியக் குடிமகன் நேபாளம் போக விசா வேண்டாம், பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. ஆனால் "நான் இந்தியக் குடிமகன்" என்று காட்ட ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். சாலை வழியில் இதைத் தளர்வாகப் பார்ப்பார்கள். விமானத்தில் அப்படி இல்லை. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு காந்தஹாருக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு, 2000 அக்டோபர் முதல், இந்த இரு நாட்டுக்கும் இடையே பறக்கும் இந்தியர்கள் அடையாள ஆவணம் காட்டியே தீர வேண்டும் என்று ஆயிற்று. இப்போது விமானப் பயணத்துக்கு ஏற்கப்படும் முக்கிய ஆவணங்கள் இரண்டு: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டை.

ஆதார் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை? உங்கள் ஆதாரை எடுத்துப் பாருங்கள். அண்மையில் அச்சிட்ட அட்டையாக இருந்தால், அது அடையாளத்துக்கான சான்று, குடியுரிமைக்கானது அல்ல என்று அதிலேயே போட்டிருக்கும். ஆதார் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருந்த வெளிநாட்டவரும் ஆதார் வாங்கலாம். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று அது சொல்லும். எந்த நாட்டவர் என்று சொல்லாது. எல்லையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியதோ அந்த ஒன்றுதான். ஓட்டு போடும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பதால், வாக்காளர் அட்டை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. வங்கி, ரேஷன், கேஸ் என்று எல்லா இடத்திலும் ஆதார் கேட்டுக் கேட்டு, அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான ஆவணம் என்று நமக்குப் பழகிவிட்டது. எல்லையில் அந்தப் பழக்கம் உதவாது.

அப்படியானால் 70 வயதுக்காரரை எப்படி விட்டார்கள்? 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. அவர்கள் வயதையும் ஆளையும் உறுதி செய்யும் படம் ஒட்டிய வேறு ஆவணம் காட்டினால் போதும். பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், ரேஷன் கார்டு போன்றவை முதலிலிருந்தே அதில் இருந்தன. 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் ஆதாரையும் சேர்த்தது, இந்த இரண்டு வயதுப் பிரிவினருக்கு மட்டும். 68 வயதில் நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். 61 வயதில் அம்மா வரவில்லை. பேத்தி 15-ஐத் தாண்டிவிட்டதால் அவளும் வரவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருச்சியிலிருந்து 26 வருடமாக யாத்திரைக் குழுக்களை அழைத்துப் போகிறேன். சில வருடங்களுக்கு முன், நீங்கள் போட்டிருக்கும் அதே வழியில், போகும்போது சாலை, வரும்போது விமானம் என்று 34 பேரைக் கூட்டிப் போனேன். எல்லாரிடமும் "ஐடி இருக்கிறதா" என்று கேட்டு, இருக்கிறது என்றதும் பெயருக்கு எதிரே டிக் போட்டேன். எந்த ஐடி என்று கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அது முழுக்க என் தவறு.

சுனௌலியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. முக்திநாத், பொக்காரா, பசுபதிநாதர் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. காத்மாண்டு விமான நிலையத்தில் 59 வயது அம்மா ஒருவர் கவுன்டரில் ஆதாரை நீட்டினார். அங்கிருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். அட்டை அழுக்காக இருப்பதால் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்த அம்மா முந்தானையால் அதை இரண்டு தரம் துடைத்து மறுபடி நீட்டினார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வாக்காளர் அட்டை ஊரில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. படம் பிடித்து அனுப்பச் சொல்லி மகனுக்குப் போன் செய்தோம், வந்தது. போனில் இருக்கும் படத்தை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மற்ற 33 பேரையும் உதவியாளரோடு விமானத்தில் ஏற்றிவிட்டு நான் அந்த அம்மாவோடு நின்றுவிட்டேன். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு லைன்சௌரில் உள்ள நம் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும், அதை வைத்து விமானம் ஏறலாம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கள் வரை காத்திருக்கும் நிலையில் அந்த அம்மா இல்லை. சர்க்கரை மாத்திரை இரண்டு வேளைக்குத்தான் கையில் இருந்தது. ஒரு ஜீப் பிடித்து, விடிய விடிய மலைப்பாதையில் இறங்கி மறுபடி சுனௌலிக்கே வந்தோம். அங்கே எல்லைக் காவல் படை வீரர் அதே ஆதாரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். விமான நிலையத்தில் செல்லாத அட்டை, பத்து மணி நேரம் கழித்து ரோட்டில் செல்லுபடியாயிற்று. அப்படி விட்டது அவருடைய நல்ல மனசு, அதை நம்பி ஒரு பயணத்தைத் திட்டமிட முடியாது.

உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். போகும் வழி எளிது, திரும்பும் வழி கண்டிப்பு. போகும்போது தடுத்திருந்தால் கோரக்பூரோடு திரும்பியிருக்கலாம். உள்ளே விட்டுவிட்டு வெளியே வரும்போது நிறுத்தினால் அது அந்நிய ஊர்.

சரி, இப்போது ஆள் ஆளாகப் பார்ப்போம்.

முதலில் அம்மா, அதாவது உங்கள் துணைவியார். பழைய வாக்காளர் அட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். லேமினேஷன் ஓரத்தில் பிரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட அட்டையைக் கையில் வைத்திருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். முதலில் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படிவம் 8-ல் விண்ணப்பித்து, பெயரைத் திருத்தவும் புது அட்டை வாங்கவும் செய்யலாம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலேயே முடியும். இணையம் பழக்கமில்லை என்றால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுங்கள். முழுப் பெயர் எந்த ஆவணத்தில் சரியாக இருக்கிறதோ அதன் நகலை இணையுங்கள். போனில் இறக்கிக்கொள்ளும் மின்னணு வாக்காளர் அட்டையும் இருக்கிறது. ஆனால் அச்சிட்ட அசல் அட்டை இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஆனால் எனக்கு விருப்பமான வழி இன்னொன்று. அம்மாவுக்கு இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் உண்டு. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். முதல் தடவை எடுக்கும் மூத்த குடிமக்களுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. ஆதாரை முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம், இந்த இடத்தில் அதற்கு முழு மதிப்பு உண்டு. காவல் நிலைய விசாரணை முடிந்தால் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். பத்து வருடம் செல்லும். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் கிளம்ப வேண்டியவர் அம்மாதானே. அப்போது பாஸ்போர்ட் எடுக்க ஓடுவதைவிட இப்போது எடுத்து வைப்பது மேல். நீங்களும் கூடவே எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பயணத்துக்கு மட்டும் என்றால் உங்களுக்கு ஆதார் போதும், வாக்காளர் அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் பெயர் எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் நம் ஊரில் ஏராளம். நேபாளத்துக்கு அது தடையில்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது, டிக்கெட் போட்டிருந்த எத்தனையோ பேர் திண்டாடிப் போனார்கள். அதனால் அம்மாவின் பெயரை முதல் கட்டத்திலும், உங்கள் பெயரையோ அவர் தகப்பனார் பெயரையோ இனிஷியலாகச் சுருக்காமல் முழுதாக இரண்டாவது கட்டத்திலும் எழுதிவிடுவது நல்லது. எதை எழுதினாலும் அதற்கு ஆதாரமாக இன்னொரு ஆவணம் ஒத்துப்போக வேண்டும்.

குடும்பமாகப் போகும்போது இன்னொரு சலுகை உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். கணவன், மனைவி, மைனர் குழந்தைகள், பெற்றோர் சேர்ந்து போகும்போது பெரியவர்களில் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்கள் படம் உள்ள வேறு சான்றும், உறவைக் காட்டும் சான்றும் வைத்திருந்தால் போதும் என்பது விதி. உண்மைதான். ஆனால் அந்த உறவை நிரூபிக்கும் தாளைக் கவுன்டரில் நின்று, பின்னால் நீண்ட வரிசை காத்திருக்க, மொழி தெரியாமல் விளக்குவது பெரும்பாடு. கடைசிக் கைத்தடியாக மனதில் வையுங்கள், அதை ஊன்றியே கிளம்பிவிடாதீர்கள்.

பேத்திக்கு 16 என்பதால் அவளுக்கென்று ஒரு வழி இருக்கிறது. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்கள், பள்ளித் தலைமை ஆசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் கொடுக்கும் அடையாளச் சான்றிதழோடு போகலாம். நீங்களே ஆசிரியராக இருந்தவர், இதை வாங்குவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. படத்தின் மேல் பள்ளி முத்திரை பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும்படி வாங்குங்கள். வெறும் பள்ளி அடையாள அட்டை போதாது. நான் மேலே சொன்ன குடும்பச் சலுகையில் பேத்தி வரமாட்டாள், அதில் குழந்தைகள் என்றால் பெற்றோரோடு போகும் குழந்தைகள். அதனால் உங்கள் மகனும் மருமகளும் "எங்கள் மகளைத் தாத்தா பாட்டியோடு அனுப்புகிறோம்" என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும், பிறப்புச் சான்றிதழ் நகலும் அவள் பையில் இருக்கட்டும். பெண் பிள்ளையோடு எல்லை தாண்டும்போது கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். அந்த எல்லையில் பெண் பிள்ளைகள் கடத்தப்படுவதைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள். கேட்பது நல்லது.

மகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. கிரீன் கார்டு நேபாளத்தில் எதற்கும் பயன்படாது, ஆனால் அமெரிக்கா திரும்ப அது வேண்டும். பெட்டியில் போடாமல் உடம்போடு இருக்கும் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். ஓசிஐ கார்டு என்பது இந்தியாவுக்குள் வர விசா இல்லாமல் விடும் ஏற்பாடு. நேபாளத்தின் கண்ணில் அவர் அமெரிக்கர், அவ்வளவுதான். அவருக்கும் பேரனுக்கும் நேபாள விசா வேண்டும். எல்லையிலேயே கிடைக்கும், பெரியவர்களுக்கு 15 நாளுக்கு 30 டாலர். டாலர் நோட்டாகவே எடுத்து வரச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் அளவுப் படமும் வேண்டும். இருவரின் பாஸ்போர்ட்டும் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

சுனௌலியில் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. அது கடைத்தெரு மாதிரி இருக்கும். லாரி, ரிக்‌ஷா, மூட்டை தூக்குபவர்கள், பணம் மாற்றும் கடைகள், நடுவில் ஒரு நுழைவாயில் வளைவு. நம்மவர்கள் யாரும் நிற்பதில்லை, வேன் ஓட்டுநரும் நேரே ஓட்டிவிடுவார். வளைவைத் தாண்டினால் பேலஹியா, நேபாளம். இந்தியக் குடிமக்களுக்கு முத்திரை வேண்டாம், ஆனால் மாப்பிள்ளையும் பேரனும் வளைவுக்கு முன்பே இந்தியக் குடிநுழைவு அலுவலகத்தில் இறங்கி, வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். அப்புறம் நேபாளப் பக்கம் அலுவலகத்தில் விசா, நுழைவு முத்திரை. இரண்டும் சின்னக் கட்டடங்கள், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே யாரும் கூப்பிட்டு நிறுத்த மாட்டார்கள். முத்திரை இல்லாமல் உள்ளே போய்விட்டால் ஒரு வாரம் எதுவும் தெரியாது, காத்மாண்டு விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டும்போதுதான் பிரச்சினை வெளியே வரும். கோரக்பூரில் வண்டி ஏறும்போதே ஓட்டுநரிடம் "வெளிநாட்டு பாஸ்போர்ட் இரண்டு இருக்கிறது, இமிக்ரேஷனில் நிறுத்து" என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாம், அதற்கும் சேர்த்துக் கிளம்புங்கள்.

டெல்லிக்குத் திரும்பும்போது மாப்பிள்ளையும் பேரனும் அமெரிக்க பாஸ்போர்ட்டையும் ஓசிஐ கார்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நேபாளம்தானே என்று ஓசிஐ கார்டைக் கும்பகோணத்திலேயே வைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேரன் விஷயத்தில் இன்னொன்றும் பாருங்கள். குழந்தைகளின் அமெரிக்க பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான். அவனுக்கு 6 வயது என்றால், கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது முடிந்து புதிது வந்திருக்கும். 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புது பாஸ்போர்ட் வந்தால், அதன் நகலையும் இப்போதைய படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். செய்திருக்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுவந்தால் நல்லது, ஓசிஐ கார்டில் இருப்பது அந்தப் பழைய எண்ணாக இருக்கலாம்.

நேபாளத்துக்குள் போன பிறகும் இந்த அட்டைகளுக்கு வேலை இருக்கிறது. முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. அதற்கான அனுமதிச் சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் சின்ன விமானத்தில் இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம், மாப்பிள்ளைக்கு டாலர் கட்டணம். எல்லா இடத்திலும் அசலைப் பார்ப்பார்கள், நகல் ஒன்று வாங்கிக்கொள்வார்கள். ஆளுக்கு ஐந்து நகல், ஐந்து படம் எடுத்து வையுங்கள். ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும்தான், பகலில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும். நகல் கடை தேடி அரை மணி தாமதமானால் ஒரு நாளே போய்விடும்.

டிக்கெட்டை இன்னும் போடவில்லை என்றால், அம்மாவின் புது ஆவணம் கைக்கு வரும் வரை அவருக்கு மட்டும் பொறுங்கள். போட்டாயிற்று என்றால், அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறாரோ அதில் உள்ள எழுத்துகள் அப்படியே டிக்கெட்டில் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரோ ஆதாரில் உள்ள பெயரோ இருக்கக் கூடாது. புது அட்டை வந்ததும் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லி, நீங்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் டிக்கெட் போட்டவரிடம் சொல்லித் திருத்துங்கள். பயண நாள் நெருங்க நெருங்க அதற்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும்.